வெறும் எழுத்துப் பகுதி

மார்ச் 3, செவ்வாய்

அன்றன்று செய்த வேலையை எழுதி வைக்கச் சொல்லிவிட்டார் ஜெயசிங். என்னைவிடப் பத்து வயது இளையவர், என் முதலாளி. "அண்ணாச்சி, நாளைக்கி லேப்காரங்க ஏன் லேட்டுன்னு கேட்டா காட்டுததுக்கு நம்மட்ட ஏதாவது வேணும்லா" என்றார். வேலை தொடங்கும் முன்பே தாமதத்துக்குச் சாட்சி தயார் செய்கிறார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வேலை இதுதான். பாளையங்கோட்டை பிறைநிலா லேபில் ரத்தம், சிறுநீர், கட்டி எல்லாம் பரிசோதிக்கிறார்கள். ரிப்போர்ட் வாங்க ஜனங்கள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். இனிமேல் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு மெயிலில் போக வேண்டும். ஒரு கிளவுட் மெயில் சேவையில் கணக்குத் திறந்திருக்கிறோம். எங்கள் புரோகிராம் அதனிடம் கொடுத்தால் அது அனுப்பி வைக்கும்.

சாதாரண மெயில் என்றால் முகவரி, தலைப்பு, விஷயம் மூன்றையும் கொடுத்தால் போதும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். நான் எடுத்துக்கொண்டது ரா மெயில், அதாவது சமைக்காத பச்சை மெயில். ரிப்போர்ட்டையும் சேர்த்து, முழு மெயிலையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நாமே கட்டிக் கொடுக்க வேண்டும். அடுப்பு மட்டும் அவர்களுடையது. அரிசி கழுவுவதிலிருந்து எல்லாம் நாம்.

வீட்டிலும் இப்போது அதே நிலைதான். வடிவு கோவில்பட்டியில் அவள் அண்ணன் வீட்டில் ஓய்வில் இருக்கிறாள். கர்ப்பப்பையை எடுத்த பிறகு ஒரு மாதம் ஓய்வு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே போய்விட்டாள். அதுதான் வசதி. மாடிப்படி ஏற வேண்டியதில்லை.

மார்ச் 4, புதன்

முதல் மெயிலை எனக்கே அனுப்பினேன். வந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

அரை நாள் சேவைக்காரர்களைத் திட்டினேன். அவர்களுக்குக் காரசாரமாக ஒரு புகாரும் எழுதினேன். அனுப்பப் போகும்போதுதான் கண்ணில் பட்டது. ரா மெயிலில் மேலே முகவரி, தலைப்பு எல்லாம் வரும். பிறகு ஒரு வெற்று வரி. அதற்குப் பிறகுதான் விஷயம். அந்த வெற்று வரியை விட்டுவிட்டால், எழுதியதை எல்லாம் முகவரியின் வால் என்று நினைத்துக்கொள்ளும். நான் விட்டிருந்தேன். இத்தனை வருட அனுபவத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு வரியைப் போடத் தெரியவில்லை.

துணி துவைத்தேன். வெள்ளை வேட்டி இப்போது வெள்ளை இல்லை.

மார்ச் 6, வெள்ளி

புதிதாகச் சேர்ந்தவர்களை இந்தச் சேவை நம்புவதில்லை. கண்டவனும் கண்டவருக்கு மெயில் அனுப்பிவிடக் கூடாது என்று, ஆரம்பத்தில் சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டுமே அனுப்ப விடுகிறது. அவர்களுக்கு ஒரு மெயில் போகும். அதிலுள்ள லிங்கை அழுத்தினால் சம்மதம்.

எனக்கும் ஜெயசிங்குக்கும் ஒரே கம்பெனி முகவரி. சோதித்துப் பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும். தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வடிவின் முகவரி சட்டென்று நினைவுக்கு வந்ததால் அதைக் கொடுத்தேன். வேறு காரணம் இல்லை. வாட்ஸ்அப்பில் "ஒரு மெயில் வரும், லிங்கை அழுத்து, ஆபீஸ் வேலை" என்று போட்டேன். நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் மனைவிக்கு ஆபீஸ் வேலை கொடுத்த கணவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

அழுத்திவிட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேவையின் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். அவள் முகவரிக்கு எதிரே 'காத்திருக்கிறது' என்றே இருந்தது. இன்று காலை பச்சை. டீக்கடையில் ஜெயசிங்குக்கும் சேர்த்து வடை வாங்கினேன். "என்ன அண்ணாச்சி, புரோகிராம் ஓடிட்டா?" என்றார். "ஓடப்போகுது" என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

வடிவுக்கு முதல் சோதனை மெயில். தலைப்பில் 'உங்கள் பரிசோதனை முடிவு' என்று தமிழில் போட்டிருந்தேன். மத்தியானம் பதில் வந்தது. அவள் கணக்கு டீச்சர். பதிலும் விடைத்தாளின் ஓரத்தில் எழுதுவது போலத்தான் இருக்கும்.

"தலைப்பு முழுக்கக் கேள்விக்குறியாக வந்திருக்கிறது. என்ன கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை."

தலைப்பில் தமிழை அப்படியே வைக்கக் கூடாதாம். ஆங்கில எழுத்துகளால் ஆன ஒரு சங்கேதமாக மாற்றி வைத்தால், போய்ச் சேர்ந்த இடத்தில் அது தமிழாக விரியும். மாற்றினேன். அவளுக்கு இதை விளக்கி ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். எழுதி முடித்த பிறகு பார்த்தால் முழுவதும் எழுத்துக் குறியாக்கத்தைப் பற்றி. அனுப்பிவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

இன்று கற்றது: ஒரு மெயிலுக்குள் ஒரே விஷயத்தை இரண்டு பிரதியாக வைக்க வேண்டும். ஒன்று கலர், கட்டம், லேபின் சின்னம் எல்லாம் போட்ட அலங்காரப் பிரதி. இன்னொன்று வெறும் எழுத்து. வாங்குபவரின் போன் தனக்கு எது முடியுமோ அதைக் காட்டும். இப்போதெல்லாம் எல்லாப் போனும் அலங்காரத்தைத்தான் காட்டுகிறது. வெறும் எழுத்துப் பகுதியை யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் அது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் குப்பை மெயில் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அந்த இடத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே என்று கைக்கு வந்ததை நாலு வரி எழுதி வைத்தேன். அந்த நாலு வரியை மத்தியானம் சாப்பிடப் போகாமல் திரும்பத் திரும்பத் திருத்தியது உண்மைதான். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

வடிவுக்கு அனுப்பினேன். பதில்: "ரிப்போர்ட் திறக்கிறது. தேதி தப்பு."

"வேறு ஒன்றும் கண்ணில் படவில்லையா?" என்று கேட்டேன்.

"வேறு என்ன?"

ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

மார்ச் 13, வெள்ளி

சேவைக்காரர்கள் கணக்கை முழுதாகத் திறந்துவிட்டார்கள். இனி யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், சம்மதம் கேட்க வேண்டியதில்லை.

டாக்டர் சொன்ன ஒரு மாதம் இந்த வாரம் முடிந்துவிட்டது. ஓய்வு எவ்வளவு எடுத்தாலும் நல்லதுதான்.

மார்ச் 16, திங்கள்

இன்று நிஜமாகவே போனது. அறுபது, எழுபது பேர் இருக்கும். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. லேபை நடத்தும் டாக்டர் ரஹ்மத் நிஷா தன் போனிலேயே ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்கே" என்றாராம். ஜெயசிங் சமோசா வாங்கி வரச்சொன்னார். நான் ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். உலகத்தில் வெற்று வரியின் முக்கியத்துவம் பற்றி. அவர் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டார்.

என்னால் ஒரு ஆபீஸைச் சிரிக்க வைக்க முடியும். எந்த இடமானாலும் முடியும். அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

மார்ச் 17, செவ்வாய்

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

பதினோரு மணிக்கு ஜெயசிங் போனைக் காதில் வைத்தபடி என் மேஜைக்கு வந்தார். போனை வைத்ததும், "அண்ணாச்சி, யாரு வடிவு?" என்றார்.

"என் வீட்டுக்காரி. உமக்குத் தெரியாதா?"

"பேரு தெரியாது. மைனின்னுதான கூப்பிடுவேன். இப்ப லேப் முழுக்கத் தெரியும்."

நடந்தது இது. வண்ணார்பேட்டையில் ஒரு பேங்கில் அதிகாரியாக இருப்பவர் செலின் என்ற பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்வதைக் கேட்டு வேலை செய்கிறார். மெயிலில் வரும் கட்டமும் படமும் கேட்பதற்கு இடைஞ்சல் என்று, வெறும் எழுத்துப் பகுதியை மட்டும் காட்டும்படி வைத்திருக்கிறார். அவர் கழுத்தில் ஒரு கட்டி. அதிலிருந்து சதை எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்று எங்கள் மெயில் வந்ததும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். புற்றா இல்லையா என்று கேட்க உட்கார்ந்தவருக்கு, கம்ப்யூட்டர், நான் வைத்த சாம்பாரைப் பற்றி வாசித்திருக்கிறது.

அலங்காரப் பிரதியில் சோதனை வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒழுங்காக எழுதியிருந்தேன். வெறும் எழுத்துப் பகுதியில் வடிவுக்கு எழுதிய அந்த நாலு வரியைத் தொடவே இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று.

"டாக்டரம்மா காண்ட்ராக்டப் பத்தி யோசிக்கணும்னுட்டாங்க. நீங்க நாளைக்கி அந்த மேடத்த நேர்ல பாத்து மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. தயவுசெஞ்சு காமெடி பண்ணாதீங்க அண்ணாச்சி" என்றார் ஜெயசிங். கோபப்பட்டிருந்தால் தேவலை. கெஞ்சினார்.

மார்ச் 18, புதன்

பேங்க் போனேன். கடன் பிரிவில் ஓரமாக ஒரு மேஜை. கம்ப்யூட்டர், ஹெட்போன், மடித்து வைத்த வெள்ளைக் கோல். நான் பேசத் தொடங்கும் முன்பே, "கோமதிநாயகம் சாரா? உக்காருங்க" என்றார்.

"மேடம், உலகத்துல இப்படி ஒரு முட்டாள நீங்க பாத்திருக்க..." என்று ஆரம்பித்து, பார்த்திருக்க என்ற வார்த்தையில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பரவால்ல. நான் டிவி 'பாத்தேன்'னுதான் சொல்லுவேன்" என்றார். "மெயில முழுசாக் கேட்டேன். ரெண்டு தடவ. முதல் தடவ ஏதோ வைரஸ்னு நெனச்சேன்."

"மன்னிச்சிருங்க மேடம். ரிப்போர்ட்டு கூடவே பிடிஎஃப்ல இருக்கு. அது சரியான ரிப்போர்ட்டுதான்."

"பிடிஎஃப்னு நீங்க சொல்றது போட்டோ. லேப்ல பிரிண்ட் எடுத்து, டாக்டர் கையெழுத்துப் போட்டு, அத ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க. என் கம்ப்யூட்டர் அதத் தொறந்து 'காலி'ங்குது."

எனக்கு இது தெரியாது. எட்டு வருடமாக அந்த லேபுக்கு வேலை செய்கிறேன்.

"நான் படிச்சுச் சொல்லட்டுமா மேடம்?" என்றேன். உதவி செய்யும் ஆர்வத்தில் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியைக்கூட எடுத்துவிட்டேன்.

"வேண்டாம்." குரல் உயரவில்லை. "சின்ன வயசுலருந்து என் மார்க் ஷீட்டு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரு, எல்லாத்தையும் எனக்கு முன்னாடி வேற யாராவது படிச்சிருக்காங்க. அவங்க மூச்ச இழுத்து விடுறத வச்சே எனக்கு விஷயம் தெரிஞ்சிரும். என் கழுத்துல என்ன இருக்குன்னு முதல்ல கேக்குறது நானா இருக்கணும். அதுக்குத்தான் மெயில் கேட்டேன். எங்கம்மாட்டகூட இன்னும் பிடிஎஃப்ப காட்டல. வீட்டு வாசல்ல தவிச்சிட்டு நிக்குறாங்க."

கண்ணாடியைப் பைக்குள் போட்டேன். இந்த இடத்தில் ஏதாவது சொல்லிக் கனத்தைக் குறைப்பதுதான் என் வழக்கம். அதை விட்டுவிட்டு, "இன்னிக்குள்ள அனுப்புதேன். எழுத்தாவே" என்றேன்.

எழுந்தபோது, "சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "அது டெஸ்ட் மெயில்னு லேப்ல சொன்னாங்க. வடிவுன்னு நெஜமாவே ஆள் இருக்காங்களா?"

"என் மிஸஸ். ஆபரேஷன் முடிஞ்சு அவங்க அண்ணன் வீட்ல இருக்காங்க."

"அப்படியா." விரல்கள் விசைப்பலகையின் ஓரத்தைத் தடவின. "அதுல செடி வாடுனது இருக்கு. நீங்க வச்ச சாம்பார நாய் மோந்துட்டுப் போனது இருக்கு. நான் தண்டம், நான் கோமாளி, என்னைய எப்படித்தான் சகிச்சியோன்னு இருக்கு. எப்ப வாரன்னு இருக்கு. அவங்களுக்கு எப்படி இருக்குன்னு ஒரு எடத்துலயும் கேக்கலயே சார். ரெண்டாவது தடவ அதுக்காகத்தான் கேட்டேன். விட்டுட்டேனோன்னு."

டோக்கன் எண் ஒன்றை ஒலிபெருக்கி அழைத்தது. என்னை இல்லை.

அதே நாள், சாயங்காலம்

டாக்டர் ரஹ்மத் நிஷாவிடம் அனுமதி கேட்டேன். பேங்கில் கேட்டதை அப்படியே சொன்னேன். "அவங்க ரிப்போர்ட், அவங்க கேக்குற மாதிரி குடுங்க" என்றார் உடனே.

டாக்டர் சொல்லச் சொல்ல டைப் செய்த வாசகம் லேபின் கம்ப்யூட்டரில் எழுத்தாகவே இருக்கிறது. பதிவு எண்ணைக் கொடுத்தால் புரோகிராமே அதை எடுத்து, வெறும் எழுத்துப் பகுதியில் வைத்து அனுப்பும்படி செய்தேன். முதலில் ஒரு பொய் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பி, கண்ணை மூடிக்கொண்டு கம்ப்யூட்டரை வாசிக்கவிட்டுக் கேட்டேன். எங்கே நிறுத்துகிறது, எங்கே எண்ணை விழுங்குகிறது என்று திருத்தினேன். பிறகு செலினுடைய எண்ணைப் போட்டு அனுப்பினேன். திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்த லத்தீன் வார்த்தைகள் எனக்குப் புரிந்திருக்காது. ஆகவே இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்க்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

பதில் இல்லை. ஜெயசிங் இரண்டு தடவை என்ன ஆயிற்று என்று கேட்டார். மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மாடிப்படி ஏற வேண்டாம் என்று முன்பு எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் மாடிப்படி கிடையாது.

ஆஸ்பத்திரியில் அவள் இருந்த நாள் முழுவதும் வார்டையே நான் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸுகள் டூட்டி முடிந்தும் நின்று கேட்டார்கள். "வடிவக்கா, குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள் ஒருத்தி. வடிவு மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தால் தையல் இழுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் என்று நான் வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பயமாக இருந்தது என்று எழுதலாம். எழுதினால் அதுவும் என்னைப் பற்றித்தான்.

மார்ச் 20, வெள்ளி

செலினிடமிருந்து மெயில்.

"முழுவதும் நானே கேட்டேன். கட்டி சாதாரணமானது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அழுதுவிட்டார்கள். நான் சொல்லி அவர்கள் அழுதது இதுவே முதல் தடவை, வழக்கமாக அவர்கள் சொல்லி நான் அழுவேன். ஒரு குறை. பத்திகளுக்கு நடுவே நீளமாகக் கோடு போட்டிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோட்டையும் 'டேஷ் டேஷ் டேஷ்' என்று வாசிக்கிறது. முடிவு வரும் இடத்துக்கு முன்னால் அப்படி ஒரு வரி முழுக்க வாசித்தது. உயிர் போய் வந்தது. எடுத்துவிடுங்கள்."

எடுத்துவிட்டேன். அழகுக்காகப் போட்டது.

எல்லா ரிப்போர்ட்டும் இனி எழுத்தாகவும் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காண்ட்ராக்ட் தப்பியது. முதல் நாள் மெயில் போன எல்லோருக்கும் ஒரு திருத்தம் அனுப்பினோம்: 'முந்தைய மெயிலின் ஒரு பகுதியில் எங்கள் ஊழியர் ஒருவரின் சொந்த விஷயம் தவறுதலாக இடம்பெற்றது.' வாசகம் ஜெயசிங்குடையது. ஒரு பெரியவர் பதில் போட்டிருந்தார்: "எனக்கு அந்தப் பகுதி வரவில்லை. அனுப்பவும்."

மார்ச் 22, ஞாயிறு

கோவில்பட்டி போனேன். சொல்லாமல்தான் போனேன், சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள்.

மச்சான் கதவைத் திறந்து, "வாங்க மாப்ள" என்றார். என் முகத்தையும் உள்ளறையையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கிவருவதாகக் கிளம்பினார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு உள்ளே போனேன்.

வடிவு முதுகுக்குத் தலையணை வைத்து நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். "எதுக்கு வந்திய? இதுவும் டெஸ்டா?" என்றாள் தலை நிமிராமல்.

பஸ்ஸில் வரும்போதே நாலைந்து வேடிக்கைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்ட கேள்விக்கே இரண்டு பொருந்தும்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

சிவப்புப் பேனா நின்றது. "எப்ப?"

"இப்ப. அப்பவுந்தான்."

"இத்தன வாரங்கழிச்சுக் கேக்குதிய."

"ஆமா."

அவள் காத்திருந்தாள். இதற்குப் பின்னால் நான் ஏதாவது சொல்லி எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமல் ஆக்குவேன் என்று இருபது வருடப் பழக்கத்தில் காத்திருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பிறகு சொன்னாள். மயக்கம் தெளிந்ததும் வயிற்றுக்குள் ஒரு பள்ளம் போல இருந்தது. இருமினால், திரும்பினால், மூச்சு ஆழமாக விட்டால் வலித்தது. இரண்டாம் நாள்தான் அதிகம். "அன்னைக்கிதான் நீங்க அந்தக் கம்பவுண்டர் மாதிரி நடந்து காட்டினிய. வார்டே சிரிக்கி. நான் செவத்தப் பாத்துக்கிட்டு கெடக்கேன். எனக்கு வலிக்குன்னு சொன்னா எல்லாரு சிரிப்பையும் கெடுத்துருவமோன்னு வாயத் தொறக்கல" என்றாள். வேண்டாத ஒன்றைத்தானே எடுத்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். "எனக்கு அப்படி இல்ல. வேண்டாததுன்னு நான் சொல்லலயே" என்றாள். இன்னும் சொன்னாள். சிலதை இங்கே எழுதப் போவதில்லை.

மச்சான் பாலோடு வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் எதையோ வாங்கப் போனார்.

நடுவில் இரண்டு இடத்தில் எனக்கு வேடிக்கையாக ஏதோ நாக்கு நுனி வரை வந்தது. இரண்டும் நன்றாகவே இருந்திருக்கும். சொல்லவில்லை. எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்றும் கேட்கவில்லை.

கிளம்பும்போது அவளாகவே சொன்னாள். புதன்கிழமை பாளையங்கோட்டைக்குச் செக்கப்புக்கு வருகிறாளாம்.

"ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. டாக்டர் ரூமுக்குள்ள கூட வாங்க" என்றாள். "வெளிய நின்னு நர்ஸுகள்ட்ட பேசிக்கிட்டு நிக்காம."